ஓலோகுன் தோப்பின் நீலமணிகள்



1910ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கே இலே-இஃபே என்ற ஊரின் வடக்குப் புறத்தில், ஒரு தோப்புக்குள் ஜெர்மானியர் ஒருவர் ஆள் வைத்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் லியோ ஃப்ரோபேனியுஸ். தோப்பு ஓலோகுனுடையது. யொருபா மக்களுக்கு ஓலோகுன் கடலின் தெய்வம், செல்வத்தின் தெய்வம். அந்தத் தோப்பு மண்ணைக் கிளறினால் மணி கிடைக்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அவர்கள் தோண்டி எடுத்துக் கோத்து அணிந்தார்கள், விற்றார்கள். ஃப்ரோபேனியுஸின் குழிகளிலும் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி மணிகள் வந்தன. கூடவே கனத்த மண்கலங்களின் உடைசல்கள். உட்புறம் உருகிய கண்ணாடி அப்பிக்கொண்டு பளபளத்த உடைசல்கள்.

தங்கம் உருக்கும் ஆசாரியின் பட்டறையை ஒருமுறை எட்டிப் பார்த்தவருக்குக்கூட அது இன்னதென்று தெரிந்துவிடும். மூசை. மூசை இருந்தால் உலை இருந்திருக்கும், உலை இருந்தால் அதன் முன்னால் வியர்த்து உட்கார்ந்தவர் ஒருவர் இருந்திருப்பார். ஃப்ரோபேனியுஸின் மனம் அந்தப் பக்கம் போகவில்லை. இஃபேயின் சுடுமண் முகங்களையும் உலோகத் தலையையும் கண்ட மனிதர், இவ்வளவு நேர்த்தியான வேலை இந்த மண்ணில் பிறந்திருக்க முடியாது, கடலில் மூழ்கிய அட்லாண்டிஸின் மிச்சம்தான் இது, ஓலோகுன் என்பவர் கிரேக்கரின் பொசைடனே என்று புத்தகம் எழுதினார். போகிற போக்கில் ஓலோகுனின் உலோகத் தலையையும் எடுத்துப் போகப் பார்த்தார். ஊரார் முறையிட, பிரிட்டிஷ் அதிகாரி விசாரித்துத் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

அட்லாண்டிஸ் கதையை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதன் நிழல் மணிகளின் மேல் வெகுகாலம் விழுந்து கிடந்தது. இஃபேயில் கண்ணாடி உருக்கினார்கள் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. மூசைத் துண்டுகள் கண் முன்னால் கிடக்கும்போது எப்படி மறுப்பது? மறுத்தது வேறொன்றை. கண்ணாடி வெளியிலிருந்து வந்தது, உடைந்த குப்பிகளாகவோ கட்டிகளாகவோ பாலைவனம் தாண்டி வந்தது, இஃபேக்காரர்கள் அதை மறுபடி உருக்கி மணியாக்கினார்கள், அவ்வளவுதான் என்றார்கள். வீட்டிலேயே அரைத்த மாவுக்கும் கடையில் வாங்கிய மாவுக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டிலும் தோசை வரும். தோசையைப் பார்த்து மாவு எங்கே அரைபட்டது என்று சொல்ல முடியாது.

கண்ணாடியில் சொல்ல முடியும். இந்தச் சொற்பொழிவின் பாதிக் கதை அதுதான்.

கண்ணாடி என்பது அடிப்படையில் மணல். மணலில் உள்ள சிலிக்கா தானாக உருக 1,700 டிகிரிச் சூடு வேண்டும். பழங்கால உலை எதிலும் அந்தச் சூடு கிடையாது. ஆகவே சூட்டைத் தணித்துக் கொடுக்கும் ஒரு சேர்மானம் தேவை. எந்தச் சேர்மானம் என்பது ஊருக்கு ஊர் மாறும். ரோமானியர் காலத்துக் கண்ணாடிக்கு எகிப்தின் உப்பேரிகளில் கிடைத்த நேட்ரான். மெசபத்தோமியாவிலும், பிறகு இஸ்லாமிய நாடுகளிலும், உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பல். சீனத்தில் ஒரு காலம் ஈயமும் பேரியமும். இடைக்கால ஐரோப்பாவின் வடபகுதியில் காட்டு மரச் சாம்பல். மணலும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. சுத்தமான ஆற்று மணலில் அலுமினா குறைவு, கருங்கல் தேய்ந்து உண்டான மணலில் அதிகம். அரிக்கமேடு போன்ற இடங்களில் கிடைக்கும் தென்னிந்தியக் கண்ணாடியில் அலுமினா தூக்கலாக இருப்பது இதனால்தான். ஆக, ஒரு மணியின் வேதிச் சேர்மானத்தை அளந்தால் அதன் பிறந்த ஊர் ஏறக்குறைய தெரிந்துவிடும். கடத்தி வந்த சரக்கில் முத்திரையைச் சுரண்டி எடுத்துவிடலாம். சேர்மானத்தைச் சுரண்ட முடியாது.

1971ஆம் ஆண்டிலேயே மேற்கு ஆப்பிரிக்க நீலமணிகள் சிலவற்றை அளந்து பார்த்தவர்கள் விநோதமான ஒன்றைக் கண்டார்கள். அவை இரு நிற மணிகள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நீலம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பச்சை, சிலவற்றில் மஞ்சள் சாயல். அவற்றின் சேர்மானம் தெரிந்த குடும்பம் எதிலும் சரியாகப் பொருந்தவில்லை. 2006இல் ஜேம்ஸ் லாங்க்டன், அகின் இகே, திலோ ரேரன் மூவரும் இஃபேயின் மணிகளையும் மூசையில் ஒட்டிய கண்ணாடியையும் சேர்த்து ஆராய்ந்து, விஷயத்தை உடைத்துச் சொன்னார்கள். இந்தக் கண்ணாடியில் சுண்ணாம்பும் அதிகம், அலுமினாவும் அதிகம். ரோமிலோ எகிப்திலோ பாக்தாதிலோ வெனிஸிலோ இப்படி இரண்டும் சேர்ந்து மிகுந்த கண்ணாடியை யாரும் செய்ததில்லை. தென்னிந்தியக் கண்ணாடியில் அலுமினா மிகுதி என்றாலும் அங்கே சோடா ஓங்கி நிற்கும், சுண்ணாம்பு அடங்கியிருக்கும். இஃபேயில் கதை வேறு. வெளியில் எங்கும் இல்லாத சரக்கு வெளியிலிருந்து எப்படி வந்திருக்கும்?

கேள்விக்கு விடை தேட மறுபடி தோப்புக்கே போக வேண்டியிருந்தது. போனவர் நைஜீரியரான அபிதெமி பாபதுண்டே பாபலோலா. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சூசன் மெக்கிண்டாஷிடம் ஆய்வு மாணவராக இருந்தவர். 2011-12இல் அவர் ஓலோகுன் தோப்பில் முறையான அகழாய்வு நடத்தினார். தோப்பின் யொருபாப் பெயர் இக்போ ஓலோகுன். இங்கே ஓர் எச்சரிக்கை: யொருபாவில் ‘இக்போ’ என்றால் காடு. நைஜீரியாவின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த மக்களின் ஊர் ஒன்றும் சற்று நேரத்தில் வரப்போகிறது, அதனால் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

அளவில் சிறிய அந்தக் குழிகளிலிருந்து 12,000-க்கு மேற்பட்ட கண்ணாடி மணிகள் வந்தன. 812 மூசைத் துண்டுகள். கிலோக் கணக்கில் கண்ணாடிக் கழிவு. சூட்டில் வெந்து கண்ணாடியாகவே மாறிய களிமண் கட்டிகள், உருளை வடிவச் சுடுமண் துண்டுகள், ஆயிரக்கணக்கில் பானை ஓடுகள். வேலை முக்கியமாக நடந்தது 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை என்று காலக்கணிப்பு காட்டியது. போர்ச்சுகீசியக் கப்பல் கினியாக் கரைப் பக்கம் தலைகாட்டுவதற்கு வெகு முன்பே அந்தத் தோப்பில் உலை எரிந்திருக்கிறது.

மணிகள் அதிகம், கழிவும் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். மணி மட்டும் கிடைத்திருந்தால் அது வாங்கியவர் வீடாக இருக்கலாம், புதைகுழியாக இருக்கலாம், கோயிலாகவும் இருக்கலாம். கழிவு எங்கே குவிகிறதோ அதுதான் பட்டறை. மரத்தூள் குவிந்திருந்தால் அது தச்சன் வீடு என்பது போல.

அந்த மணிகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மிளகளவுதான் இருக்கும், அதைவிடச் சிறியவையும் உண்டு. துளையின் இரு ஓரமும் லேசாக மழுங்கியிருக்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் தெரியும். அவை உருண்டையாக இல்லை, எள்ளைப் போல நீண்டு, துளைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அந்தக் கிடப்பே மணி செய்த விதத்தைக் காட்டிக்கொடுக்கும். கம்பியில் கண்ணாடியைச் சுற்றிச் செய்த மணியென்றால் குமிழிகள் துளையைச் சுற்றி வளையும். இங்கே அவை நேராக நீண்டிருப்பதால், இளகிய கண்ணாடியை நடுவில் துளை விட்டு நீளக் குழாயாக இழுத்திருக்கிறார்கள் என்று ஆகிறது. இழுத்த குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, கூர்மையான ஓரங்கள் மழுங்கும் அளவுக்கு மறுபடி சூடு காட்டினால் மணி. அரிக்கமேட்டிலும் ஆந்திரத்துப் பாப்பாநாயுடுப்பேட்டையிலும் கண்ணாடியை இழுத்துத்தான் மணி செய்தார்கள். ஒரே உத்தி என்பதற்காக ஒருவரிடம் ஒருவர் படித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது, அதற்குச் சான்றில்லை. இளகிய கண்ணாடியைக் கையாளும் எவரும் ஒருநாள் அதை இழுத்துப் பார்க்கத்தான் செய்வார்.

இந்த மணிகளில் 52-ஐத் தேர்ந்தெடுத்து வேதிச் சோதனைக்கு உட்படுத்தி, பாபலோலாவும் லோர் துஸ்ஸுபியூ, மெக்கிண்டாஷ், ரேரன் ஆகியோரும் 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு மணியை உடைக்க வேண்டியதில்லை. லேசர் கதிர் மணியின் மேல் மயிரிழைப் பருமனில் ஒரு குழி போடும். அதிலிருந்து எழும் துகளைக் கருவி உறிஞ்சி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். வெறுங்கண்ணுக்கு அந்தக் குழி தெரியவே தெரியாது. முடிவு, 2006இல் சொன்னதை உறுதி செய்தது. சுண்ணாம்பும் அலுமினாவும் மிகுந்த கண்ணாடியே பெரும்பாலும். அலுமினா மிகுந்து சுண்ணாம்பு குறைந்த இன்னொரு வகையும் உண்டு. நீலத்துக்குக் கோபால்ட், அதோடு மாங்கனீசு, இரும்பு, செம்பு ஆகியவை நிறம் கொடுத்திருக்கின்றன. நிறமூட்டிகள் தற்செயலாகக் கலந்தவையாகத் தோன்றவில்லை, தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள். அலுமினாவுக்கு அந்த வட்டாரத்துக் கருங்கல் மணலே போதும். சுண்ணாம்புக்கு நத்தை ஓட்டைச் சுட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து வீட்டுக்கு வெள்ளையடித்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

மேற்கு ஆப்பிரிக்கா கண்ணாடியை வாங்கி உருக்கியது மட்டுமல்ல, மணலிலிருந்தே கண்ணாடி செய்தது. ஒரு வரியில் அடங்கிவிடும் இந்தச் சேதியை எட்டுவதற்கு ஃப்ரோபேனியுஸின் குழியிலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. சான்று புதையுண்டு கிடந்ததால் ஆன தாமதம் இல்லை இது. மூசைகள் 1910 முதல் அருங்காட்சியகங்களில் இருந்தன. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதே தாமதத்தின் காரணம்.

இஃபேக்காரர்களுக்கு மணி எதற்கு? யொருபா அரச மரபில் மணியில்லாமல் அரசன் இல்லை. யொருபா மக்களின் ஆதி முன்னோரான ஒடுடுவாவின் வழித்தோன்றல் என்று உரிமை கொண்டாடும் அரசர் மணி கோத்த முடி அணிவார். முடியிலிருந்து தொங்கும் மணிச்சரங்கள் முகத்தையே மறைக்கும். மணிக்கு யொருபாவில் இலேகே என்று பெயர், நீலக் கண்ணாடி மணிக்கு செகி, சிவந்த மணிக்கு இயுன். 1957இல் இஃபேயின் இட்டா யெமூ என்ற இடத்தில் கிடைத்த உலோகச் சிலைகளில் அரசர் ஒருவரின் முழு உருவம் உண்டு. கழுத்தில் மணி, மார்பில் குறுக்கும் நெடுக்குமாக மணி, மணிக்கட்டில், கணுக்காலில். சிலை செய்தவர் முகத்துக்குக் கொடுத்த கவனத்தை மணிக்கும் கொடுத்திருக்கிறார். மணிகளை வடித்த அந்தக் கைகளுக்கும் தோப்பில் மணி இழுத்த கைகளுக்கும் இடையே நடக்கும் தூரம்தான்.

ஊருக்குள்ளேயே எல்லாம் தங்கிவிடவில்லை. அதே சுண்ணாம்பு-அலுமினாக் கண்ணாடி மணிகள் வடக்கே, மாலி நாட்டில், நைஜர் ஆற்றங்கரைக் காவோவிலும் சகாராவின் உள்ளே எஸ்ஸூக்கிலும் கிடைத்திருக்கின்றன. எஸ்ஸூக் என்பது அரபு எழுத்தாளர்கள் தத்மெக்கா என்று குறித்த சாத்து நகரம்; தங்கம் உருக்கி வார்த்த அச்சுகள் கிடைத்த ஊர். வடக்கேயிருந்து தெற்கே மணி வந்தது என்பதே பழைய பாடம். இப்போது அதே வழியில் எதிர்த்திசையில் நடந்த மணிகளும் கிடைக்கின்றன.

பழைய பாடம் முழுப் பொய்யும் அல்ல. அதற்கு இக்போ-உக்வுவைப் பார்க்க வேண்டும். இது இக்போ மக்களின் ஊர்.

1938-39 வாக்கில் அந்த ஊரில் இசையா என்பவர் தன் வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்காகக் குழி வெட்டினார். உலோகக் கலங்கள் வந்தன. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். மிச்சம் ஒரு மாவட்ட அதிகாரி கையில் சேர்ந்தது. இருபது ஆண்டு கழித்து, 1959-60இல், தர்ஸ்டன் ஷா என்ற தொல்லியலாளர் வந்து முறையாகத் தோண்டினார். அந்தக் கொல்லையும், பக்கத்தில் சகோதரர்களான ரிச்சர்ட், ஜோனா ஆகியோரின் நிலங்களும் அவரவர் பெயராலேயே இக்போ இசையா, இக்போ ரிச்சர்ட், இக்போ ஜோனா என்று தொல்லியல் நூல்களில் இடம்பிடித்துவிட்டன. கொல்லைப்புறம் ஒன்று இவ்வளவு தூரம் புகழ் பெற்றது அபூர்வம்.

இக்போ ரிச்சர்டில் மரப்பலகை அடித்த நிலவறை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பெரிய மனிதரை உட்கார்ந்த நிலையில் முக்காலியின் மேல் வைத்துப் புதைத்திருந்தார்கள். தலையில் செம்பு முடி, மார்பில் செம்புத் தகடு, அருகே யானைத் தந்தங்கள். கைகளில் செம்புச் சட்டத்தில் பதித்த நீல மணிக் காப்புகள். உடல் மக்கிப் போய்விட்டது, மணிகள் போகவில்லை. நிலவறைக்கு மேலே, அவரோடு போனவர்களாகத் தோன்றும் ஐந்து பேருக்குக் குறையாதவர்களின் எலும்புகள். மணிகள் இங்கே 100,000-க்கும் மேல். மூன்று இடங்களையும் சேர்த்தால் கண்ணாடியும் சூதுபவளமுமாக 165,000-க்கு மேற்பட்ட மணிகள்.

ஷா செய்த கரிமக் காலக்கணிப்பு 9ஆம் நூற்றாண்டைக் காட்டியது. இவ்வளவு முன்பா என்று கேட்டு எழுந்த வாதம் வெகுகாலம் நீண்டது. உலோகத்தைப் பற்றியும் வாதம்: இவ்வளவு நுட்பமான வார்ப்பு வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். செம்பும் ஈயமும் வெள்ளீயமும் நைஜீரியாவிலேயே கிடைத்த தாதுக்கள் என்று 1980களின் கடைசியில் சோதனை காட்டிவிட்டது. மணிகள் விஷயத்தில் விடை மாறியது. கண்ணாடி மணிகளில் பெரும்பகுதி உண்மையாகவே தூரதேசத்துச் சரக்கு. இஸ்லாமிய நாடுகளின் செடிச்சாம்பல் கண்ணாடி. ஒரே புதைகுழிக்குள் உலோகம் உள்ளூர், மணி வெளியூர். இதனால்தான் ‘ஆப்பிரிக்க மணி’ என்று மொத்தமாகப் பேசுவது ஆபத்து. ஒவ்வொரு மணியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கடல் எட்டாத காட்டு நிலத்துக்கு அந்த மணிகள் எப்படி வந்தன? ஷாவும் டிமொத்தி இன்சாலும் 1997இல் காவோவின் மணிகளையும் இக்போ-உக்வுவின் மணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒற்றுமை இருந்தது. சகாராவைத் தாண்டி ஒட்டகச் சாத்து காவோவரை. அங்கிருந்து நைஜர் ஆற்றில் தெற்கே. திருப்பி அனுப்பிய சரக்கு தந்தமாக இருந்திருக்கும் என்பது நல்ல ஊகம்.

சூதுபவளம் இதைவிடச் சிக்கல். குஜராத்தின் ரத்தன்பூர் மலைக் குழிகளில் கல் எடுத்து, சூடு காட்டிச் சிவக்க வைத்து, காம்பேயில் துளையிட்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது உலகறிந்த வணிகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசாவும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே மேற்கு ஆப்பிரிக்காவில் சிவப்புக் கல்மணி கிடைத்தாலே ‘காம்பே’ என்று சீட்டு ஒட்டும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் சகாராவின் ஓரங்களிலும் சிவப்புக் கல் உண்டு. இன்சால் குஜராத்துக்கே போய்க் கல்லின் மாதிரிகள் எடுத்து வந்து, மேற்கு ஆப்பிரிக்க மணிகளோடு ஒப்பிட வழி தேடினார். துளையும் சாட்சி சொல்லும். வைர முனைத் துரப்பணத்தால் இட்ட துளை நேராக, வழுவழுப்பாக ஓடும். கொத்திக் கொத்தி இட்ட துளை இருபுறமும் அகன்று நடுவில் ஒடுங்கும். கொடுமணலில் மணி பொறுக்கும் ஆய்வாளர்களுக்குப் பழக்கமான சோதனைதான் இது.

இன்னும் பின்னால் போனால், மாலியின் ஜென்னே-ஜெனோ மேடு இருக்கிறது. 1977இலும் 1981இலும் ராடரிக், சூசன் மெக்கிண்டாஷ் தம்பதியர் தோண்டியது. கி.மு. 250 வாக்கில் குடியேற்றம் தொடங்கிய ஊர். அதன் மிகப் பழைய அடுக்குகளில் ஓரிரு சின்னக் கண்ணாடி மணிகள் வந்தன. சேர்மானம் ஆசியாவின் பக்கம் கை காட்டியது. புர்கினா பாசோவின் கிஸ்ஸியில் சோன்யா மக்னாவிதா திறந்த கல்லறைகளில், கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவர்கள் வாளும் உலோகக் காப்பும் கம்பளித் துணியின் மிச்சமும் மணிச்சரங்களுமாகக் கிடந்தார்கள். அரபுப் படைகள் வட ஆப்பிரிக்காவுக்கு வருமுன்பே மத்திய கிழக்கின் கண்ணாடி அங்கே வந்துவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. சகாரா வணிகம் இஸ்லாமோடுதான் தொடங்கியது என்று எழுதிய பாடப்புத்தகங்களைத் திருத்த ஒரு பிடி மணி போதுமாக இருந்தது.

சாத்துகள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிடவில்லை. 1964இல் தியோதோர் மோனோ மொரித்தானியாவின் ஆளில்லாப் பாலையில், மணலுக்குள் கைவிடப்பட்ட சரக்கு ஒன்றைக் கண்டார். 2,000-க்கும் மேற்பட்ட பித்தளைக் கம்பிகள், மூட்டை சோழிகள். 12ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சோழி மாலத்தீவுக் கடலில் பிறந்தது. ஒட்டகங்கள் செத்தனவா, வழி தவறியதா, கொள்ளைக்குப் பயந்து புதைத்தார்களா, யாருக்குத் தெரியும். மீட்டெடுக்க யாரும் திரும்பி வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்த இடத்தில் சல்லடையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கண் சல்லடையில் மண் சலித்தால் பானை ஓடு நிற்கும், மணி ஓடிவிடும். பழைய அகழாய்வுகளில் மணி குறைவாகக் கிடைத்த இடங்களில் உண்மையாகவே மணி குறைவா, சல்லடைக் கண் பெரிதா என்பதை இப்போது கண்டுபிடிப்பது கடினம். ஒரு நாகரிகத்தின் வணிக வரலாறு சல்லடைக் கண்ணின் அகலத்தில் மாறிவிடுகிறது.

15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கடல்வழியாக வந்தபோது வேடிக்கை ஒன்று நடந்தது. ஐரோப்பிய மணியைக் கொட்டித் தங்கத்தை அள்ளலாம் என்று வந்தவர்கள், கரையில் ஏற்கெனவே ஒரு மணிக்கு மவுசு இருப்பதைக் கண்டார்கள். கோரி என்றும் அக்கோரி என்றும் அவர்கள் ஏடுகளில் வரும் நீலமணி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பச்சேகு பெரைரா, நைஜர் கழிமுகத்துப் பக்கம் அந்த மணிகளை வாங்கி மேற்கே, இன்றைய கானாக் கரையின் எல்மினாவில் தங்கத்துக்கு விற்பதைக் குறிப்பிடுகிறார். ஆப்பிரிக்காவில் வாங்கி ஆப்பிரிக்காவிலேயே விற்று, நடுவில் இலாபம் பார்த்தவர்கள் போர்ச்சுகீசியர். அந்தக் கோரி இஃபேயின் இரு நிற மணிதானா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இஃபேதான் என்பதற்கே தராசு சாய்கிறது. ஆனால் கோரி என்ற ஒரே சொல் பல இடங்களில் பல மணிகளுக்கு வழங்கியிருக்கும் வாய்ப்பையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு வெனிஸ் மணிகளின் வெள்ளம். நட்சத்திர வரி மணியும் பூ வேலைப்பாட்டு மணியும் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. வாங்கும் ஊரின் ரசனைக்கேற்பச் செய்து, மாதிரி அட்டையில் வரிசையாகத் தைத்து அனுப்பினார்கள். அடிமை வணிகக் கணக்கேடுகளிலும் மணி வருகிறது. துணி, துப்பாக்கி, சாராயத்தோடு அதுவும் மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது.

வெள்ளத்திலும் உள்ளூர் உலை உடனே அணையவில்லை. இஃபேக்கு அருகே ஓஷுன் தோப்பில் அகின்வுமி ஒகுந்திரன் நடத்திய அகழாய்வில், 17, 18ஆம் நூற்றாண்டுகளிலும் கண்ணாடி வேலை நடந்த தடயம் கிடைத்தது. வடக்கே நூப்பே மக்களின் பீதா நகரத்தில் மசகா என்ற தெருவே கண்ணாடிக்காரர் தெரு. மணலிலிருந்து கருங்கண்ணாடி செய்த அவர்கள் பின்னாளில் வெளிநாட்டுப் புட்டிகளை உருக்கத் தொடங்கினார்கள். இஃபேயில் உருக்கியது வாங்கின கண்ணாடிதான் என்று நம்பியவர்களுக்குப் பீதாவின் புட்டி உலை நல்ல உதாரணமாகத் தோன்றியிருக்க வேண்டும். நேற்றைய பழக்கத்தைப் பார்த்து ஆயிரம் ஆண்டுக்கு முந்தையதைத் தீர்மானிப்பது இப்படித்தான் காலை வாரும்.

இப்போதும் புட்டியிலிருந்து மணி செய்கிறவர்கள் கானாவில் இருக்கிறார்கள். ஒடுமாசே பக்கத்துக் க்ரோபோ மக்கள். பச்சையோ பழுப்போ, கிடைத்த புட்டியை உலக்கையால் இடித்து மாவாக்கிச் சலிக்கிறார்கள். களிமண் அச்சில் வரிசையாகக் குழிகள். கண்ணாடி ஒட்டாமலிருக்க உள்ளே வெள்ளைக் களிமண் குழம்பு பூசியிருக்கும். ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றைச் செருகி நிறுத்தி, சுற்றிலும் கண்ணாடி மாவை இடுகிறார்கள். நிறம் மாற்றி மாற்றி இட்டால் வரி விழும். அச்சைக் கரையான் புற்று மண்ணில் கட்டிய அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். உள்ளே கண்ணாடி இளகி ஒன்றோடொன்று ஒட்டும்போது காம்பு எரிந்து சாம்பலாகிறது. அது நின்ற இடம் துளையாகிறது. ஆறின மணியைக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்கள். வயதுக்கு வந்த பெண்களுக்கான தீப்போ சடங்கில் பாட்டிமார் பெட்டியைத் திறந்து எடுத்துப் பூட்டும் சரங்களில், போன மாதம் புட்டியில் செய்த மணியும் வெனிஸிலிருந்து கப்பலில் வந்த மணியும், எந்த உலையில் பிறந்ததென்று வீட்டார் யாருக்கும் தெரியாத நீலமணியும் ஒரே நூலில் கிடக்கும்.